‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று கேமை விற்கலாமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பகலில் அவர் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 55,000 ரூபாய். மூன்று வருடமாக இரவுகளில் உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்திருக்கிறார். வாவியில் இரவில் தனியாகத் தோணி வலிக்கும் ஒரு கிழவர், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும் மீன் பாட்டைத் தேடிப் போவதுதான் கதை. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். படங்கள் எல்லாம் அவருடைய மச்சாள் வரைந்தவை. நடுவில் மூன்று இடங்களில் வடமோடிக் கூத்துப் பாட்டு வருகிறது. அதைப் பாடியவர் ஊரில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார். அவர் வீட்டு விறாந்தையில் வைத்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறார்கள். வெற்றிலை வைத்துக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்களாம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

இனி அவருடைய கேள்வி. இதை விலை போடாமல், ‘விரும்பியதைக் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை’ என்று இணையத்தில் வைக்க நினைக்கிறார். வெளிநாட்டில் ஒரு கேம் அப்படி விற்று ஆளுக்குச் சராசரி இரண்டு டொலர் கிடைத்ததாக வாசித்திருக்கிறார். 5,000 பேர் பதிவிறக்கினால் 10,000 டொலர், அதாவது 30 இலட்சம் ரூபாய், அதோடு கடை வேலையை விட்டுவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. பேபால் கணக்கில் இலங்கையிலிருந்து பணம் பெற முடியாது என்பதால் கனடாவில் உள்ள மாமாவின் கணக்கைக் கொடுக்கப் போகிறார். அம்மாவோ, “மூணு வருசம் ராப்பகலாக் கிடந்து செஞ்சத சும்மா குடுக்கப் போறியா மனே?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். தைப்பொங்கலுக்கு வெளியிட ஆசை. “விலை போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. நான் யார், என் கேமுக்கு விலை சொல்ல?” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்கிறேன். அதைச் செய்தவர் நீங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் அதற்கு முதல் விலையைச் சொல்ல முடியாது. மட்டக்களப்பில் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பாய் பின்னுபவர், தையல்காரர், புகைப்படக்காரர், இப்போது கணினியில் பொருள் செய்யும் பிள்ளைகள் என்று பலர் வருகிறார்கள். திறமை கூடியவர்கள்தான் விலை சொல்லக் கூடுதலாகக் கூச்சப்படுகிறார்கள். ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்பது நல்ல முறைதான். ஆனால் நீங்கள் அதைத் தேர்ந்தெடுப்பது அது நல்ல முறை என்பதற்காக அல்ல, விலை சொல்லப் பயமாக இருப்பதற்காக. அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு டொலர் எங்கிருந்து வந்தது?

நீங்கள் வாசித்தது ‘வேர்ல்ட் ஒஃப் கூ’ என்ற கேமின் கதையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்து 2008இல் வெளியிட்டார்கள். வழக்கமான விலை 20 டொலர். ஒரு வருடம் கழித்து, 2009 ஒக்டோபரில், அதன் பிறந்தநாளுக்கென்று சில நாட்களுக்கு ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று திறந்து விட்டார்கள். ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினார்கள். சராசரி இரண்டு டொலரும் சில சதங்களும். இது உண்மை.

ஆனால் அந்தச் சராசரிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிகம் பேர் கொடுத்த தொகை ஒரு சதம். ஒரு ரூபாய் அல்ல, டொலரில் நூறில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட 17,000 பேர் அந்த ஒரு சதத்தைத்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து கேம் செய்தவர்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை, பணத்தைக் கைமாற்றித் தரும் நிறுவனத்தின் கட்டணத்துக்கே அது போதவில்லை. மொத்த வசூலில் 13 வீதம் அளவு அந்தக் கட்டணத்துக்கே போனது.

இன்னொன்று, உங்கள் கணக்கைக் கவிழ்ப்பது இதுதான்: அங்கே குறைந்தது ஒரு சதமாவது கொடுத்தால்தான் கேம் கிடைக்கும். சும்மா எடுத்துப் போக வழி இல்லை. அதாவது ஏதோ ஓர் அட்டையை எடுத்து, இலக்கத்தை அடித்து, கொடுக்க முன்வந்தவர்களின் சராசரிதான் அந்த இரண்டு டொலர். நீங்கள் வைக்கப் போவதோ பூச்சியத்தில். தனியாட்கள் செய்யும் கேம்களை விற்கும் இட்ச் ஐஓ தளத்தில் குறைந்த விலையைப் பூச்சியம் என்று போட்டால், இறக்க வருபவருக்குத் தொகை எழுதும் ஒரு பெட்டி தெரியும். அதோடு சேர்ந்தே ‘வேண்டாம், நேரே பதிவிறக்கத்துக்குப் போகிறேன்’ என்ற பொருளில் ஒரு சிறிய இணைப்பும் இருக்கும். பெரும்பாலான கைகள் அந்த இணைப்பைத்தான் தட்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் அட்டையே கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்களேன். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆகவே 5,000 இறக்கத்தை இரண்டால் பெருக்கக் கூடாது. எத்தனை பேர் கொடுப்பார்கள் என்பது முதல் கேள்வி. எவ்வளவு கொடுப்பார்கள் என்பது அதற்கு அப்புறம்தான்.

அது எப்போது வேலை செய்கிறது?

‘வேர்ல்ட் ஒஃப் கூ’ அந்த விற்பனைக்கு வரும்போது புதுக் கேம் அல்ல. சுயாதீனக் கேம்களுக்கான விழாவில் விருது வாங்கி, முழு விலையில் ஒரு வருடம் விற்று முடித்து, வாங்க மனமிருந்தவர்கள் எல்லாம் வாங்கிவிட்ட பிறகு வந்த வாரம் அது. அந்த வாரத்தில் ஸ்டீம் என்ற பெரிய இணையக் கேம் கடையில் முழு விலை விற்பனையும் 40 வீதம் கூடியது என்று அவர்களே பிறகு எழுதினார்கள். பேச்சுக் கிளம்பியதால் வந்த பலன் அது. பேச்சுக் கிளம்புவதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

அடுத்த வருடம், 2010 மேயில், அதே கேமையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து முதல் ‘ஹம்பிள் பண்டில்’ வந்தது. ஒன்றேகால் மில்லியன் டொலருக்கு மேல் வசூல். ஏறக்குறைய 138,000 பேர், ஆளுக்குச் சராசரி ஒன்பது டொலர் சொச்சம். அதே ‘விரும்பியதைக் கொடுங்கள்’ முறை, சராசரி மட்டும் நான்கு மடங்குக்கு மேல். ஒரு கேமுக்குப் பதில் ஐந்தாறு கேம் கிடைத்தது என்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் அல்ல. கொடுக்கும் பணத்தில் எவ்வளவு கேம் செய்தவர்களுக்கு, எவ்வளவு தருமத்துக்கு என்று வாங்குபவரே பிரித்துவிட முடிந்தது. மற்றவர்கள் கொடுத்த சராசரி கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் பாவிப்பவர்கள் விண்டோஸ்காரரைவிடக் கூடக் கொடுக்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்தது. குறித்த நாளோடு விற்பனை முடிந்துவிடும் என்றும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாவது தொகுப்பில், சராசரியைவிடக் கூடக் கொடுப்பவருக்கு மேலதிகக் கேம்கள் என்று ஒரு தூண்டிலும் போட்டார்கள்.

தருமம் சேர்ந்தால் மனிதர் கை எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. 2010இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் சவாரி போனவர்களின் படத்தை அவர்களுக்கே விற்றுப் பார்த்தார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த விஷயம். நிலையான விலை 12.95 டொலர் என்றபோது 200இல் ஒருவர்தான் வாங்கினார். ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்றதும் 8.4 வீதம் பேர் வாங்கினார்கள், ஆனால் கொடுத்தது சராசரி 92 சதம். ‘விரும்பியதைக் கொடுங்கள், பாதி தருமத்துக்கு’ என்று சொன்னபோது வாங்கியவர்கள் 4.5 வீதமாகக் குறைந்தார்கள், சராசரியோ 5.33 டொலராக ஏறியது. ஆயிரம் பேருக்கு என்று போட்டுப் பார்த்தால் முறையே சுமார் 65, 77, 240 டொலர். கடைசித் தொகையில் பாதியைத் தருமத்துக்குக் கொடுத்தாலும் விற்றவருக்கு 120 மிஞ்சுகிறது.

அந்த எண்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, 8.4 ஏன் 4.5 ஆனது என்பது. தருமத்துக்கு என்று சொன்ன இடத்தில் பத்துச் சதம் போட மனிதருக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்கு வாங்காமலே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். நம் ஆட்களிடமும் இதைப் பார்க்கலாம். உங்கள் கூட்டாளிகள், சொந்தக்காரர் பலர் ‘எவ்வளவு போட்டால் சரியாக இருக்கும்’ என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான்கு டொலர் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பார்கள். விலை சொல்லாமல் விடுவது அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி என்று நினைக்காதீர்கள். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவை அவர்கள் தலையில் வைக்கிறீர்கள்.

சில்லறைத் தொகையை விழுங்கும் கட்டணம்

அட்டை வழியாகவோ பேபால் வழியாகவோ பணம் வரும்போது ஒவ்வொரு முறையும் சுமார் 2.9 வீதமும் அதற்கு மேல் 30 சதமும் கட்டணமாகப் போகும். வீதத்தைவிட அந்த 30 சதம்தான் உங்களுக்கு எதிரி. இட்ச் ஐஓ தன் பங்காக 10 வீதத்தை முன்னிருப்பாக வைத்திருக்கிறது. அதை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம், பூச்சியமும் ஆக்கலாம். பத்திலேயே விடுங்கள். அந்தத் தளம் இருப்பதால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கடைத்தெரு இருக்கிறது.

இதையெல்லாம் கழித்தால், ஒருவர் ஒரு டொலர் கொடுத்தால் உங்களுக்கு 57 சதம் அளவில் வரும். மூன்று டொலருக்கு 2.31. நான்கு டொலருக்கு 3.18. ஐந்து டொலருக்கு 4.05. ஒரு டொலர் கொடுப்பவர் மூவரைவிட மூன்று டொலர் கொடுப்பவர் ஒருவர் உங்களுக்கு மேல். பிறகு வங்கிக்கு எடுக்கும்போது இன்னொரு கழிவு உண்டு. ஆகவே சிறு சிறு தொகையாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள்.

இப்போது உங்கள் சம்பளத்தோடு ஒப்பிடுவோம். ஒரு வருடச் சம்பளம் 660,000 ரூபாய். டொலர் 300 ரூபாய் என்று நீங்கள் வைத்த கணக்கிலேயே 2,200 டொலர். நான்கு டொலர் விலையில் இதற்கு 690 பிரதிகளுக்கு மேல் விற்க வேண்டும். மச்சாளுக்கு 40 வீதம் என்று வைத்தால் 1,150ஐத் தாண்டும். பூச்சிய விலையில் என்றால் என்ன ஆகும்? நூறு பேரில் இரண்டு பேர் கொடுக்கிறார்கள், ஆளுக்கு மூன்று டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மச்சாளின் பங்கைக் கழிக்காமலே, 47,000 பேருக்கு மேல் இறக்க வேண்டும். நூறுக்கு இரண்டு என்பது நான் கணக்குக்காக வைத்த எண்தான். நாலு என்று வைத்துப் பார்த்தாலும் 23,000க்குக் கீழே வராது. பெயர் தெரியாத முதல் கேமுக்கு இது சின்ன எண் அல்ல.

அம்மா சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு, பக்குவமாகச் சொல்லுங்கள். மூன்று வருட உழைப்பு என்பதற்காக விலை உயர்ந்துவிடாது. வாங்குபவருக்கு மூன்று வருடமா மூன்று மாதமா என்று தெரியாது. அவர் கையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதுதான் விலையைத் தாங்கும். நீங்கள் அனுப்பிய காணொளியில் கிழவர் துடுப்பை நிறுத்தியதும் தண்ணீர்ச் சத்தமும் அடங்கி, அடியிலிருந்து அந்த ஒலி மெல்ல எழும்புகிறதே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கு நான்கு டொலர் கேட்க உங்களுக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

நான் செய்யச் சொல்வது

இட்ச் ஐஓவில் ஒரு வசதி இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. அங்கே நீங்கள் போடும் விலை குறைந்தபட்ச விலைதான். நான்கு டொலர் என்று போட்டாலும், வாங்குபவர் விரும்பினால் ஆறோ பத்தோ கொடுக்கலாம். அதாவது ‘விரும்பியதைக் கொடுங்கள்’ உங்களுக்கு மேல்பக்கமாகத் திறந்தே இருக்கிறது. கீழ்ப்பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும். வெளிநாட்டில் உள்ள நம்மவர் பலர் மீன் பாட்டையும் கூத்தையும் கேட்டுவிட்டு நான்கோடு நிற்க மாட்டார்கள்.

பணம் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கும் அங்கே வழி இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிரதிகளை இலவசமாக ஒதுக்கி, வசதியில்லாதவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். ஒவ்வொரு விற்பனைக்கும் ஓர் இலவசப் பிரதி சேர்ப்பேன் என்று பக்கத்திலேயே எழுதிவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வாங்குபவருக்கும், தான் இன்னொருவருக்காகவும் கொடுக்கிறேன் என்று தெரியும்.

முன்னோட்டமாக முதல் இருபது நிமிடத்தை இலவசமாகக் கொடுங்கள். தயிர்க்காரர் கரண்டியில் கொஞ்சம் ருசி பார்க்கத் தருவார், சட்டிக்கு விலை சொல்லுவார். அதுபோலத்தான். கேம் செய்யும் மென்பொருளான கொடோவில் நீங்கள் செய்திருப்பதால் அந்தப் பகுதியை உலாவியிலேயே ஆடும்படி வைக்க முடியும். இறக்கவும் வேண்டாம், நிறுவவும் வேண்டாம். கொடோ இலவச மென்பொருள் என்பதால் விற்பனையில் அதற்குப் பங்கு கொடுக்க வேண்டியதும் இல்லை. கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்து இசை மாணவர் சிலரைப் பிடித்து இருபது நிமிடம் ஆடவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். எங்கே கை நிற்கிறது, எங்கே முகம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் கடைக்கு இப்போதே போக வேண்டாம். ஒரு கேமை வைக்க 100 டொலர் கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல். விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால்தான் அது திரும்பும். கடையின் பங்கு 30 வீதம். ‘விரும்பியதைக் கொடுங்கள்’ முறை அங்கே கிடையாது. இன்னொன்றும் உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அவர்கள் விதி. உங்கள் கேம் ஒன்றரை மணி நேரம். முழுவதும் ஆடி முடித்துவிட்டும் திருப்பிக் கேட்க ஒருவரால் முடியும். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்னோட்டத்துக்கு வரவேற்பு நன்றாக இருந்தால், இட்ச் ஐஓவில் வந்த பணத்திலிருந்தே அந்த 100 டொலரைக் கட்டுங்கள்.

நீங்கள் ஆசைப்பட்ட ‘விரும்பியதைக் கொடுங்கள்’ வாரத்தை ஒரு வருடம் கழித்து, அடுத்த பொங்கலுக்கு வையுங்கள். அப்போது கேமுக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரு வாரம் மட்டும், குறைந்தது ஒரு டொலர், பாதிப் பணம் ஊர்க் கூத்துக் களரிக்கு உடுப்பும் மத்தளமும் வாங்க என்று அறிவியுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பற்றுச்சீட்டோடு போடுங்கள். தருமத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கணக்குக் காட்டாமல் விட்டால், ஊரில் பெயர் கெட ஒரு நாள் போதும்.

அண்ணாவியாரும் மச்சாளும்

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தந்த இடம் விலை அல்ல, இதுதான். “காசு கட்டாயமில்லை, அதனால் இது வியாபாரம் இல்லைதானே” என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை தம்பி. பணம் வாங்கும் பெட்டி ஒன்றை வைத்தாலே அது விற்பனை. ஒருவர் பத்து டொலர் கொடுத்த நிமிடத்தில் அண்ணாவியாரின் குரலிலிருந்து உங்களுக்கு வருமானம் வந்துவிட்டது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதியவரையும் வரைந்தவரையும் மட்டும் காப்பதில்லை. பாடி ஆடுபவருக்கும் தன் நிகழ்த்துதலின் மீது உரிமை உண்டு. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதே சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. வியாபார நோக்கத்துக்கோ, வழக்கமான மரபுச் சூழலுக்கு வெளியிலோ எடுத்தாளும்போது அது பொருந்தும். கூத்துப் பாட்டைக் களரியிலிருந்து எடுத்துக் கேமுக்குள் வைப்பது இரண்டிலும் வரும். விறாந்தையில் பாடித் தந்தபோது அது உலகம் முழுக்க விற்கப்படும் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார் என்று உங்களால் சொல்ல முடியுமா? வெற்றிலை வைத்தது மரியாதை. உரிமை எழுதித் தந்ததாக அதைக் கொள்ள முடியாது.

அவரிடம் மறுபடி போங்கள். மடிகணினியைக் கொண்டுபோய் அந்த மூன்று இடங்களையும் ஆடிக் காட்டுங்கள். அவர் பாட்டு எங்கே தொடங்கி எங்கே வெட்டப்படுகிறது என்று அவர் கேட்கட்டும். பாதியில் நிறுத்தக் கூடாத பாட்டாக இருந்தால் அவரே சொல்லுவார். பிறகு ஒரு பக்கத்தில், எளிய தமிழில் எழுதுங்கள்: எந்தப் பாடல்கள், எந்தக் கேமில், எந்த நாடுகளில், எவ்வளவு காலம், அவருக்கு எவ்வளவு, பெயர் எப்படி வர வேண்டும். ஒரு தொகையை முன்கூட்டிக் கொடுத்து, அதற்கு மேல் சிறு பங்கும் வைப்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டார் கலைப் பகுதியைப் பற்றி மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அது கணக்காளர் முடிவு சொல்லும் விஷயம் அல்ல.

மச்சாளின் விஷயமும் இதேதான். அவர் வரைந்த படங்களின் உரிமை இந்த நிமிடம் அவரிடம்தான் இருக்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை, வரைந்ததிலேயே உரிமை வந்துவிடும். அதை உங்களுக்கு மாற்றுவதானாலும், பயன்படுத்த அனுமதி தருவதானாலும் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ‘நம்ம மச்சாள்தானே’ என்று விட வேண்டாம். நாளைக்கு அவர் கலியாணம் முடித்து வெளிநாடு போகலாம். கேமைத் தொலைபேசிக்கு மாற்ற யாராவது கேட்கலாம், படங்களை வைத்து உடுப்பில் அச்சடிக்கக் கேட்கலாம். முதல் டொலர் வருவதற்கு முன்னால் பங்கைப் பேசினால் சிரித்துக்கொண்டே பேசலாம். கட்டணம் கழித்த பிறகு வரும் தொகையில் எத்தனை வீதம் என்று தெளிவாகப் போடுங்கள். ‘இலாபத்தில்’ என்று எழுதினால் எது செலவு என்று பிறகு சண்டை வரும்.

மாமாவின் கணக்கு வேண்டாம்

மாமா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய பேபால் கணக்குக்கு வரும் பணம் கனடாவில் அவருடைய வருமானமாகத் தெரியும். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அங்கிருந்து உங்களுக்கு வரும்போது அது சொந்தக்காரர் அனுப்பிய பணமாகத்தான் வங்கியில் பதிவாகும். நீங்கள் கேம் விற்றுச் சம்பாதித்தீர்கள் என்பதற்கு உங்கள் பெயரில் ஒரு தடயமும் இருக்காது. பிறகு கடன் கேட்கப் போனாலும், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போடப் போனாலும் காட்ட ஒன்றும் இருக்காது.

இட்ச் ஐஓவில் பணத்தைத் தளமே சேர்த்து வைத்துப் பிறகு தரும் முறையைத் தெரிந்தெடுங்கள். அதைப் பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம். தளம் ஒரு வரிப் படிவம் கேட்கும். அமெரிக்காவில் வாங்குபவர்களிடமிருந்து வரும் பகுதிக்கு அந்த நாடு 30 வீதம் வரை பிடித்துவைக்கும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால், படிவத்தில் அதைச் சரியாகக் குறிப்பிட்டால் இந்த வகை உரிமைப் பணத்துக்கு 10 வீதமாகக் குறையும். அதற்கு உங்கள் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், தேவை. இல்லையென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இங்கே வரி என்று பயப்பட இப்போதைக்கு ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. உங்கள் சம்பளம் ஆறரை இலட்சம் சொச்சம்தான். கேமிலிருந்து 11 இலட்சத்துக்கு மேல் வந்தால் என்னிடம் வாருங்கள், மகிழ்ச்சியோடு உட்கார்ந்து பார்ப்போம். ஒரு கொப்பியில் திகதி, தொகை, கட்டணம், கைக்கு வந்தது, மச்சாளுக்குக் கொடுத்தது என்று ஐந்து நிரல் போட்டு எழுதி வாருங்கள். ஏதாவது நிறுவனப் பெயர் வைத்து விற்பதாக இருந்தால் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிய வேண்டும்.

வேலையை விட வேண்டாம். மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். சம்பளம் இருக்கும்போதுதான் உங்களால் பயமில்லாமல் நான்கு டொலர் என்று சொல்லிவிட்டுப் பொறுமையாக இருக்க முடியும். மாதக் கடைசியில் கை வறண்டு நிற்பவர் இரண்டாம் வாரமே விலையைப் பாதியாக்கிவிடுவார். கடையின் கணினியிலும் கடை நேரத்திலும் கேம் வேலை எதையும் செய்யாதீர்கள், உரிமை பற்றிய பேச்சே எழாமல் இருக்கட்டும்.

தைப்பொங்கல் நல்ல நாள்தான். பெரிய கடைகளின் நத்தார்க் கால மலிவு விற்பனை அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆனால் அதற்குள் அண்ணாவியாரின் கையொப்பம் கிடைக்காவிட்டால், அவர் குரல் வராத அந்த முதல் இருபது நிமிட முன்னோட்டத்தை மட்டும் பொங்கலன்று வெளியிடுங்கள். முழுக் கேம் கையொப்பம் வந்த பிறகு வரட்டும்.